கச்சேரிக் கோப்பும் புனைபெயரும்

கச்சேரி என்றால் இன்று நமக்குச் சங்கீதம்தான் நினைவுக்கு வரும். சேலத்திலும் நாமக்கல்லிலும் நம் பாட்டனார்கள் அச்சொல்லை வேறு பொருளில் வழங்கினார்கள். தாலுக்கா கச்சேரி என்றால் பட்டா, சிட்டா, கிஸ்தி, தாசில்தார். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. மாவட்டச் செயலகத்தை மக்கள் கச்சேரி என்றே சொல்கிறார்கள். அதன் தலைவர் அரசாங்க அதிபர், நம் கலெக்டருக்கு ஒப்பானவர். அவருக்குக் கீழே உதவி அரசாங்க அதிபர். முன்னாளில் அதற்கும் கீழ்ப்படியில் காரியாதிகாரி. காணி, குடியேற்றம், நிவாரணம், வெள்ளம், வறட்சி எல்லாம் இவர்கள் கையெழுத்தில் நடந்தன.

அந்தப் படிகளில் ஏறி இறங்கிய ஒருவர்தான் கந்தையா குணராசா. இலக்கிய வாசகர்களுக்குச் செங்கை ஆழியான். 1941 ஜனவரி 25 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்தவர். 2016 பிப்ரவரி 28 அன்று மறைந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்று, இலங்கை நிர்வாக சேவையில் சேர்ந்து, பணிக்கிடையே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். நாவல்கள், சிறுகதைகள், வரலாற்று நூல்கள், பாடநூல்கள் என எழுதிக் குவித்தார். தமிழ்நாட்டில் அவரைப் படித்தவர்கள் குறைவு. ஈழத்து எழுத்து என்றதும் நாம் எஸ்.பொ.வையும் டானியலையும் மு.தளையசிங்கத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். கலையளவில் அந்த வரிசை நியாயமானதே என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் உள்நாட்டுப் போர் ஒன்றின் நடுவே அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு, அறிஞராகவும் எழுத்தாளராகவும் ஒருவர் எப்படி வாழ முடிந்தது என்ற கேள்விக்கு விடை தேடுபவர் குணராசாவிடம்தான் போகவேண்டும்.

அதிகாரி எழுத்தாளராவது புதிதன்று. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1792இல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கும்பினியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் குதிரையேறி ஊர் ஊராக அளந்தார்கள். நிலத்தின் நிறம், கிணறு, பயிர், குடி, வரி எல்லாம் காகிதத்தில் ஏறின. பின்னர் 1883இல் லெபனு சேலம் மாவட்டக் கையேட்டை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இலங்கையிலும் இந்த மரபு உண்டு. 1834இல் இலங்கை விவரத் திரட்டையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறாகத் ‘தமிழ் புளூராக்’கையும் ஆங்கிலத்தில் தந்த சைமன் காசிச்செட்டி அரசாங்க உத்தியோகத்தர். 1926இல் ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்ற ஆங்கில நூலை எழுதிய முதலியார் இராசநாயகமும் அப்படியே. வன்னியைப் பற்றி 1895இல் லூயிஸ் எழுதிய கையேட்டை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒன்றுண்டு. எழுதியவருக்கும் அவருக்குச் சம்பளம் கொடுத்த அரசுக்கும் இடையே பெரிய பிணக்கு இருக்கவில்லை. குணராசாவின் காலம் அப்படிப்பட்டதன்று.

அவர் முதலில் நிலத்தைப் படித்தவர் என்பதை மறந்துவிடக்கூடாது. நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு நிலம் என்றால் பாறை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆயிரம் அடிக்குக் கீழே துளைத்தும் புழுதி மட்டுமே வந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. யாழ்ப்பாணம் இதற்கு நேர்மாறு. அங்கே ஆறு என்று சொல்ல மழைக்காலத்து வழுக்கியாறு ஒன்றுதான். அடியில் சுண்ணாம்புக்கல்; அதன் பொந்துகளில் மழைநீர் இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப்போல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவராகிவிடும். நம் கிணறு வற்றும். அவர்கள் கிணறு உப்பாகும். புகையிலையும் வெங்காயமும் விளைவித்த அந்தக் குடாநாட்டு வாழ்வின் சிக்கனம், எச்சரிக்கை, வேலிச் சண்டை எல்லாவற்றுக்கும் அடியில் இந்த மெல்லிய நன்னீர் இருக்கிறது. குணராசா எழுதிய புவியியல் பாடநூல்களைக் கற்றுத் தேர்வெழுதிய தலைமுறைகள் இலங்கையில் உண்டு.

அந்தக் கண்தான் அவருடைய நாவல்களையும் நடத்துகிறது. 1973இல் வந்த ‘வாடைக்காற்று’ நெடுந்தீவில் நடக்கிறது. பவளப் பாறைக்கற்களை அடுக்கிய வேலிகளும், மட்டக் குதிரைகளும், உவர்க் காற்றும் உள்ள தீவு. வாடை பெயரும் பருவத்தில் மீன்பிடிக்க வெளியூர்களிலிருந்து வந்து வாடி அமைக்கும் தொழிலாளர்களையும் தீவின் மக்களையும் பற்றிய கதை. காற்று திரும்பும்போது மனிதர்களும் திரும்புகிறார்கள். பருவக்காற்றைப் பற்றி ஒரு புவியியலாளன் அட்டவணையில் எழுதுவதை இவர் காதலும் பகையுமாக எழுதினார். 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது. இலங்கையில் தயாரான தமிழ்ப் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்த காலம் அது.

1977இல் வந்த ‘காட்டாறு’ வேறு வகை. வன்னிக் கிராமம் ஒன்றில் காடு வெட்டிக் குடியேறிய ஏழை விவசாயிகளை ஊர்ப் பெரியவர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் சேர்ந்து உறிஞ்சுவதைச் சொல்லும் நாவல். வெளியிலிருந்து வரும் எழுத்தாளனுக்கு அதிகாரம் என்பது ஒரு மேசையும் ஒரு நாற்காலியும்தான். காணி அனுமதிப்பத்திரம் எந்த மேசையில் தங்கும், எதற்காகத் தங்கும் என்பது அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கே தெரியும். அதிகாரியாக இருந்தபடியே அதிகாரிகளைக் குற்றக்கூண்டில் நிறுத்திய துணிவு இந்நாவலில் உண்டு. நடை சில இடங்களில் அவசரமானது. பாத்திரங்கள் நல்லவர் தீயவர் என்று சற்று எளிதாகப் பிரிந்துவிடுகின்றனர். அவருடைய பல நாவல்களுக்கும் இக்குறை பொருந்தும். நிறைய எழுதியதன் விலை அது. ஆயினும் காணிக்கச்சேரி என்ற நிறுவனத்தின் உள்ளியக்கத்தை இவ்வளவு அறிந்து எழுதிய தமிழ் நாவல்கள் நம்மிடத்தில் எத்தனை? நம் தாலுக்கா அலுவலகங்களைப் பற்றி அப்படி ஒரு நாவலைத் தேடிப்பாருங்கள்.

அதே 1977இல் தேர்தல் முடிந்த சில வாரங்களில், ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தில் ஒரு களியாட்ட விழாவில் பொலிசாருக்கும் பொதுமக்களுக்கும் தகராறு மூண்டது. அடுத்த நாள் நகரச் சந்தை தீக்கிரையானது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தொடர்ந்து நாடெங்கும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். இந்நிகழ்ச்சிகளை விவரணமாகப் பதிவு செய்த ‘24 மணி நேரம்’ என்ற சிறு நூல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் நீலவண்ணன்.

1981 மே 31. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நான்கு நாட்கள் இருந்தன. நாச்சிமார் கோயிலடியில் நடந்த தேர்தல் கூட்டத்தில் பொலிசார் சுடப்பட்டார்கள். அன்றிரவு தொடங்கிய எரிப்பில் கடைகளும், ‘ஈழநாடு’ நாளிதழ் அலுவலகமும், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும், பூபாலசிங்கம் புத்தகசாலையும் அழிந்தன. அடுத்து யாழ்ப்பாணப் பொது நூலகம். 1933இல் க.மு.செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிகசாலையிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த திட்டத்தில், நம் எஸ்.ஆர்.அரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்து 1959இல் திறக்கப்பட்ட கட்டடம். சுமார் 97,000 நூல்களும் பழைய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. தீயைத் தொலைவிலிருந்து கண்ட தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்நீத்தார். பன்மொழிப் புலவராக விளங்கிய முதியவர் அவர்.

இதைப்பற்றியும் உடனே ஒரு நூல் வந்தது. ‘மீண்டும் யாழ்ப்பாணம் எரிகிறது’. ஆசிரியர் அதே நீலவண்ணன்.

நீலவண்ணன் குணராசாதான். செங்கை ஆழியான் என்பதே ஒரு புனைபெயர், அதற்கு மேல் இன்னொன்று. இரண்டும் திருமாலின் பெயர்கள் என்பதைக் கவனித்தவர்கள் அன்றே புன்னகைத்திருக்கக்கூடும். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அவருடைய சம்பளப் பட்டியலில் இருந்த அரசின் சீருடை அணிந்தவர்கள்தான் அவருடைய நகரத்தைக் கொளுத்தினார்கள். அரசாங்க ஊழியர் அரசியல் விவகாரங்களில் வாய்திறப்பதைத் தாபன விதிக்கோவை கட்டுப்படுத்தியிருந்தது. பகலில் கோப்பில் கையெழுத்திட்ட கை, இரவில் அந்த அரசுக்கு எதிரான சாட்சியத்தை எழுதியது. இதை இரட்டை வேடம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கச்சேரியில் பழகிய ஒழுங்கு, அதாவது தேதி, நேரம், இடம், சேதம், பெயர் என்று அடுக்கும் பழக்கம், எந்த அதிகாரியும் எழுதத் துணியாத அறிக்கைக்குப் பயன்பட்டது. அரசு தன் ஊழியனுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை அரசின் செயலைப் பதிவு செய்யத் திரும்பியது. இலக்கிய நயத்தை எதிர்பார்த்து அந்நூல்களைத் திறப்பவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் அவருடைய நாவல்களில் பலவற்றை நாம் மறந்துவிட்ட பின்னும் இந்த இரண்டு சிறு நூல்களும் தேடப்படும் என்றே நினைக்கிறேன்.

1983க்குப் பிறகு போர். அதன் வரலாறு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. சேலம் மாவட்டத்துக் குறுக்குப்பட்டியிலும் நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தியிலும் உள்ள முகாம்களின் முன்னால் பேருந்தில் போய்வருகிறோம். 2021இல் அவற்றின் பெயர்ப்பலகைகளில் ‘அகதிகள்’ போய் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ வந்தது. அங்கே பிறந்து வளர்ந்து நம் கல்லூரிகளில் படித்த பிள்ளைகளுக்கும்கூட நாற்பதாண்டுகளுக்குப் பின்னும் குடியுரிமை ஒரு விண்ணப்பமாகவே நிற்கிறது. கடல் கடந்தவர்கள் கதை இப்படி. கடல் கடக்காமல் மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளின் கதையை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்த்ததில்லை.

அவர்களுடைய நிலை உலகத்தில் வேறெங்கும் அதிகம் காணக்கிடைக்காத ஒன்று. 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குப் போயிற்று. அங்கே அவர்களுக்குத் தனிக் காவல்துறை, தனி நீதிமன்றம், தனி வரி. ஆனால் கச்சேரியும் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனையும் கொழும்பு அரசின் சம்பளத்திலேயே இயங்கின. ஓய்வூதியமும் அங்கிருந்தே வந்தது. ஒருபுறம் அரசு தன் ஊழியருக்குச் சம்பளம் அனுப்பிற்று. மறுபுறம் அதே ஊர்மீது குண்டு போட்டது, எரிபொருள், சிமெந்து, பற்றரி போன்றவை உள்ளே போவதைத் தடுத்தது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் இட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அச்சுக் காகிதம் கிடைக்காமல் நாளிதழ்கள் கோடிட்ட பயிற்சிப் புத்தகத் தாளில் அச்சாயின. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தால்தான் வெளியுலகம்.

இந்நிலையில் ஓர் அதிகாரியின் ஒவ்வொரு கையெழுத்தும் இரண்டு எஜமானர்களின் கண்ணில் பட்டது. நிவாரண அரிசி எத்தனை மூட்டை, யாருக்கு என்ற கணக்கு அரசுக்கும் வேண்டும், புலிகளுக்கும் வேண்டும். இடையில் அகப்பட்டவர்கள் உயிரையும் இழந்தார்கள். மட்டக்களப்பு அரசாங்க அதிபர் அந்தோனிமுத்து 1987 அக்டோபரில் கண்ணிவெடியில் இறந்தார். யாழ்ப்பாண அரசாங்க அதிபர் பஞ்சலிங்கம் 1989 மே மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். இருவரும் தமிழர்கள். போரின் கதையைப் போராளிகளையும் இராணுவத்தையும் வைத்தே சொல்லிப் பழகிய நமக்கு இவர்கள் பெயர்கள் தெரியாது.

1995 அக்டோபர் 30 மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கிகள் அறிவித்தன. மழை பெய்துகொண்டிருந்தது. செம்மணி வழியாக, நாவற்குழிப் பாலத்தின் மேல், நான்கைந்து லட்சம் பேர் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தார்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு மூன்று நகரங்களும் ஒரே இரவில் ஒரு சாலைப் பாலத்தைக் கடப்பதாகக் கற்பனை செய்துகொண்டாலும் அந்த எண்ணிக்கைக்கு ஈடாகாது. அடுத்த ஆண்டு பலர் இராணுவத்தின் ஆளுகைக்குள் வந்துவிட்ட ஊருக்குத் திரும்பினார்கள்; மற்றவர்கள் வன்னிக்குள் போனார்கள்.

குணராசாவின் பிற்கால எழுத்துக்கு இதுவே களம். ‘மரணங்கள் மலிந்த பூமி’ என்ற தலைப்பே போதும். ‘கொழும்பு லொட்ஜ்’ வடக்கிலிருந்து தலைநகருக்கு வந்து, விசாவுக்கும் பயண முகவருக்கும் காத்துக்கொண்டு, பொலிஸ் சோதனைக்கு அஞ்சி விடுதி அறைகளில் கிடந்த தமிழர்களின் உலகத்தைக் காட்டுகிறது. காலத்தின் குரூர விளையாட்டு ஒன்றையும் சொல்லவேண்டும். அவருடைய தொடக்ககால வரலாற்று நாவலின் பெயர் ‘நந்திக்கடல்’. நாற்பதாண்டுகள் கழித்து 2009 மே மாதத்தில் போர் முடிந்த இடமும் அந்த நீரேரிக் கரைதான்.

அந்தக் கடைசி மாதங்களில் ஒரு கச்சேரிக் கணக்கு உலகத்தின் கவனத்துக்கு வந்தது. வன்னியில் சிக்கியிருந்த பொதுமக்கள் 70,000 பேர் அளவில்தான் என்று 2009 பிப்ரவரி வாக்கில் கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. முல்லைத்தீவில் களத்தில் இருந்த மேலதிக அரசாங்க அதிபர் தந்த மதிப்பீடு 3,30,000. கொழும்பின் எண்ணை வைத்து உணவு அனுப்பினால் பத்தில் எட்டுப் பேர் பட்டினி. போர் முடிந்து முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் 2,80,000க்கும் மேல். யார் கணக்குச் சரி என்பதை அந்த எண்ணே சொல்லிற்று. அப்போது குணராசா ஓய்வு பெற்றிருந்தார். ஆனால் நீலவண்ணன் செய்த காரியத்துக்கும் இந்த மதிப்பீட்டுக்கும் உறவு உண்டு. எரிந்த கடைகளை எண்ணியவரும் பசித்த வாய்களை எண்ணியவரும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள்.

வரலாற்றாசிரியராக அவர் செய்தவற்றையும் பார்க்கவேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றியும், நல்லூர் நகரத்தைப் பற்றியும், யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றியும் எழுதினார். தொழில்முறை வரலாற்றறிஞர்கள் அவர் கர்ண பரம்பரைக் கதைகளுக்குச் சற்றே அதிக இடம் கொடுத்தார் என்று குறைகூறலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் கோட்டையின் கதியை நினைத்துப் பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிய அக்கோட்டை 1990 முற்றுகையில் சிதைந்தது. உள்ளே 1706இல் எழுந்த தேவாலயம் தரைமட்டமானது. நிலத்தில் நின்றது போனபின் ஏட்டில் இருப்பதற்கு மதிப்புக் கூடிவிடுகிறது. ஒரு மதிலின் நீளம், ஒரு வாயிலின் திசை போன்ற சிறு விவரங்கள்கூட அப்போது சான்றாகின்றன.

நான் அவரிடம் மிகவும் மதிப்பது இன்னொரு பணியை. நூலகம் எரிந்தபின் பழைய ஈழத்து இதழ்களின் முழுத் தொகுதிகள் கிடைப்பது அரிதாயிற்று. குரும்பசிட்டி பொன்னையா 1930இல் தொடங்கி 1958 வரை வெளிவந்த ‘ஈழகேசரி’, 1946 முதல் வரதரும் நண்பர்களும் நடத்திய ‘மறுமலர்ச்சி’, தமிழரசுக் கட்சியின் ‘சுதந்திரன்’ ஆகியவற்றில் சிதறிக்கிடந்த சிறுகதைகளைத் தேடித் தொகுத்துத் தனித்தனி நூல்களாக்கினார். பின்பு ஈழத்துச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார். தம் சொந்தக் கதைகளை மட்டும் அச்சேற்றிக்கொண்டு போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முப்பதுகளில் ஒரே ஒரு நல்ல கதை எழுதிவிட்டு மறைந்துபோன யாரோ ஒருவரின் பெயரைப் பழுத்த தாளிலிருந்து எடுத்து அச்சில் வைக்கும் வேலை, காணிப் பதிவேட்டில் விடுபட்ட பெயரைச் சேர்ப்பது போன்றது. பொறுமை வேண்டும், புகழ் கிடைக்காது.

பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனபோது அவர் யாழ்ப்பாணத்திலேயே இருந்து எழுதினார். அவருடைய நூல்களில் கணிசமானவை 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ இணையத் தொகுப்பில் மின்வடிவில் கிடைக்கின்றன. நாமக்கல்லில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்காத ‘மீண்டும் யாழ்ப்பாணம் எரிகிறது’ அங்கே இருக்கிறது. அட்டையில் நீலவண்ணன் என்றுதான் இன்றும் இருக்கும். இப்போது பட்டியல்கள் அதற்குப் பக்கத்தில் செங்கை ஆழியான் என்றும் குறிக்கின்றன.